அந்திச் சோறும் அருகில் ஒரு குவளையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு விழாவில் சோற்றைப் பற்றிய பேச்சா என்று சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கக்கூடும். பத்துப்பாட்டைப் பயின்றவர்கள் வைக்கமாட்டார்கள். ஆற்றுப்படை நூல்களிலிருந்து சோற்றையும் கள்ளையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது வழி மட்டுமே. அவ்வழியில் நடக்க எந்தப் பாணனுக்கும் காலில் வலுவிராது.

இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அரசவை விருந்தன்று. இராமநாதபுரத்துக் கரையிலும் இராமேசுவரம் தீவிலும் பொழுது சாய்ந்தபின் வீட்டில் ஆக்கி வீட்டிலேயே உண்ணும் சோறு. அச்சோற்றின் அருகே வைக்கப்படும் ஒரு குவளை. அக்குவளையில் இருப்பது கள்ளா, பதநீரா, கஞ்சியா, வெறுந்தண்ணீரா என்பது ஒரு கேள்வி. அது யாருக்கு நீட்டப்படுகிறது என்பது அதனினும் பெரிய கேள்வி.

பழைய பாட்டொன்றிலிருந்து தொடங்குவது முறை. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊருக்குப் பாணனை அனுப்புகிறார். அங்கே அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள், ஒட்டகங்கள் படுத்து உறங்குவது போலக் கரையில் கிடக்கின்றன. அவையே விறகு. நுளையர் குலப் பெண் வடித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் குடிக்கக் கொடுக்கின்றனர். கூடவே, உலர்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருகின்றனர். அது ஓய்மாநாட்டுக் கரை, சேதுக்கரை அன்று. எனினும் நெய்தலின் அடுப்பு எங்கும் ஒன்றுதான். வந்தவன் யார், எவன் என்று கேளாமல் முதலில் குவளை நீட்டப்படுகிறது.

அதே பாட்டில் இன்னொரு அடுப்பும் உண்டு. கவிஞர்கள் பலரும் அறிந்த இடந்தான். பாணனின் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கூரை இற்று விழுகிறது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுத்தான் சுற்றத்தோடு உண்கிறாள். ஒரே நூலில் இரண்டு உணவுகள். ஒன்று திறந்த கரையில், முன்பின் அறியாதவனோடு. மற்றொன்று அடைத்த கதவுக்குள். வள்ளலின் பெருமையை உயர்த்திக் காட்டவே வறுமை பாடப்பட்டது என்று உரை கூறுவோர் உண்டு. இருக்கலாம். ஆயினும் அந்த அடைத்த கதவு, வள்ளலின் தேரையும் யானையையும்விட நெடுநாள் மனத்தில் நிற்கிறது.

பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் பரதவர் சுட்ட இறாலைத் தின்கின்றனர். முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக்கி வணங்கி, பனங்கள் அருந்தி ஆடுகின்றனர். நிலவு வெளிச்சத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். கடல் தொழிலுக்கு ஓய்வு தரும் இரவே வீட்டுச் சோற்றுக்கு உரிய இரவு என்பது கவிஞர் கற்பனையன்று; தொழில் வகுத்த கணக்கு.

இனிப் பனைக்கு வரலாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் நெல் பொய்த்தாலும் பனை பொய்ப்பதில்லை. சாயல்குடிப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாளையை இடுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார் பனையேறி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் காற்றிலுள்ள நொதியே சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால் அது மழைக்காலத்து மாலையில் சுக்கும் மல்லியும் சேர்ந்த காப்பியாகிறது. பதநீரைக் குடிக்கக் குவளைகூட வேண்டா. ஓலையை மடித்தால் பட்டை. அந்தப் பட்டையில் வாய் வைக்கும்போது நாவுக்கு முன் மூக்குக்கு எட்டுவது ஓலையின் மணம்.

இந்த ஒரு விரல் சுண்ணாம்பின்மீது எத்தனை சட்டங்கள்! 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன, 1981இல் மீண்டும் திறந்தன, 1987இல் கள் மறுபடி விலக்கப்பட்டு, அவ்விலக்கு இன்றும் நீடிக்கிறது. பனையைத் தமிழகத்தின் மாநில மரமாக அறிவித்தது 1978இல். மரத்துக்கு மாலை; அதன் சாற்றுக்கு வழக்கு. 2003 முதல் சீமைச் சரக்கை அரசு நிறுவனமே கடை வைத்துச் சில்லறையாக விற்கிறது. பனையேறிகளின் மனக்குறை இதில்தான் இருக்கிறது. அது நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது.

எனினும் பழங்கள்ளைப் பொன்னாக்கிப் பாடுவதிலும் நேர்மையில்லை. கள் குடித்து அழிந்த குடும்பங்களும் இக்கரையில் உண்டு. மதுவிலக்கு வேண்டுமென்று முன்னின்று குரல் கொடுத்தவர்கள் பெண்களே. அதியமான் சிறிதளவு கள் கிடைத்தால் தனக்கே தந்துவிடுவான் என்று ஔவையார் கையறுநிலையில் கலங்குகிறார். தமிழில் நட்புக்கு அதனினும் சிறந்த சான்று அரிது. ஆனால் புலவர் ஔவைக்குக் கிட்டிய அந்தக் குவளை, அடுப்படியில் நின்றவளுக்கும் கிட்டியதா என்று புறநானூறு சொல்லவில்லை. இன்றைய கடைப் புட்டி சோற்றின் அருகே வருவதே இல்லை. வெளியில் நின்று குடித்துவிட்டு வருபவனுக்காக வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கள்ளோடு மீனும் சோறும் ஒரே திண்ணையில் இருந்த நாட்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவிஞர்கள் எழுதினால் நன்று.

கடற்கரை வீட்டின் மாலை எப்படி இருக்கிறது? பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் தீவினர் வழங்குவர். விசைப்படகுகள் கிழமைக்கு மூன்று நாள் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. போகும் நாளில் ஆடவரின் இரவுச் சோறு தூக்குச்சட்டியில் கடலுக்குப் போய்விடும். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் உண்பர். விற்றது போக எஞ்சிய சூடையோ காரலோ சட்டியில் கொதிக்கும். புளி, தேங்காய், வாலிநோக்கத்து உப்பு, உருண்டு திரண்ட முண்டு மிளகாய். இம்மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பும் அது இதே காரந்தான். முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். பிற வீடுகளில் மறைந்துபோன அப்பழந்தமிழ்ச் சொல்லை அடுக்களைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அகராதி தொகுப்போர் அங்கே கொஞ்சம் உட்கார்ந்து எழுதலாம்.

படகு திரும்ப வேண்டிய காலையில் திரும்பாவிட்டால் அடுத்த மாலை அவ்வீட்டில் உலை ஏறுவதில்லை. புயலா, எல்லை தாண்டியதாகச் சிறைபிடிப்பா என்று தெரியும்வரை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். பிள்ளைகள் உண்பர், தாய் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கச்சத்தீவு ஒப்பந்தத்தின் ஆண்டு 1974 என்பதைப் பாடநூல் சொல்கிறது. இந்தத் தண்ணீரை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

தண்ணீர் என்ற உடனே நின்று பேசவேண்டியிருக்கிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் குடிநீர்தான் முதல் விருந்து. தங்கச்சிமடத்தை அடுத்த வில்லூன்றித் தீர்த்தத்தில், உப்புக்கடலின் நடுவே நன்னீர் ஊறுகிறது. இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். புராணத்தை நம்பாதவர்களும் அக்கரையின் மணலைத் தோண்டிப் பார்க்கலாம். உப்புநீரின்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கலங்காமல் முகந்து குடம் நிரப்பிய பெண்களின் பொறுமையில்தான் இக்கரையின் மாலைச் சோறு வெந்தது. கொஞ்சம் அவசரப்பட்டால் ஊற்று உப்பாகிவிடும். அவ்வாறு எடுத்த நீரில் ஒரு செம்பைப் பிறருக்கு நீட்டுவது எளிய செயலன்று. நீட்ட மறுப்பதும் எளிய செயலன்று.

இராமேசுவரத்தின் ஒரு வீட்டில் நடந்ததை இங்கே சற்று விரித்துரைப்பது பொருந்தும். 1931 அக்டோபர் 15இல் பிறந்த அப்துல் கலாம், தம் அக்னிச் சிறகுகளில் இதைப் பதிந்துள்ளார். பள்ளிவாசல் தெருவில் அவர் வீடு. அடுக்களைத் தரையில் தாய் ஆஷியம்மாவின் அருகே அமர்ந்து உண்பது வழக்கம். வாழையிலை, சோறு, மணக்கும் சாம்பார், வீட்டிலே போட்ட ஊறுகாய்கள், தேங்காய்த் துவையல். தேங்காய் எங்கிருந்து வரும்? தந்தை ஜைனுலாப்தீன் வைகறைத் தொழுகை முடித்து நான்கு மைல் நடந்து, சிறு தோப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு காய்களைத் தோளில் சுமந்து திரும்புவார். அவ்வீட்டில் குடும்பத்தார் தொகையைவிட வெளியார் தொகையே நாள்தோறும் மிகுதி என்கிறார் கலாம். அத்தனை பேருக்கும் ஆக்கியவர் ஒருவர். போர்க்காலப் பங்கீட்டு நாட்களில் ஒரு முறை, தாய் போடப் போடச் சிறுவன் சப்பாத்திகளைத் தின்றுகொண்டே இருந்தான். பிறகு அண்ணன் அவனைத் தனியே அழைத்து, தாய் தன் பங்கையும் அவனுக்கே போட்டுவிட்டதைச் சொன்னார். சிறுவன் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டான்.

அச்சிறுவனைத் தொடக்கப்பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். ஆசாரம் மிக்க குடும்பம். ஐயரின் மனைவியார் அதிர்ந்துபோனார். தம் மடியான அடுக்களையில் வைத்து ஒரு முஸ்லிம் பிள்ளைக்குப் பரிமாற இயலாது என்று மறுத்துவிட்டார். ஐயர் மனைவியைச் சினந்துகொள்ளவில்லை. தாமே எடுத்துப் பரிமாறினார்; பரிமாறியபின் சிறுவனின் பக்கத்திலேயே அமர்ந்து தாமும் உண்டார். அம்மையார் அடுக்களைக் கதவின் பின்னிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சோறு உண்ட விதத்திலும், தண்ணீர் குடித்த விதத்திலும், உண்டபின் தரையைத் துடைத்த விதத்திலும் ஏதேனும் வேறுபாட்டை அவர் கண்டிருப்பாரோ என்று சிறுவனுக்கு உள்ளூர ஓர் ஐயம்.

குடித்தது தண்ணீர்தான். கள்ளுமன்று, பதநீருமன்று. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு பிள்ளையின் தொண்டை எவ்வளவு இறுகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். விடைபெறும்போது ஐயர் அடுத்த வார இறுதிக்கும் அழைத்தார். சிறுவன் தயங்கினான். ஒரு முறையை மாற்ற முனைந்துவிட்டால் இத்தகைய இடர்களை எதிர்கொண்டுதான் ஆகவேண்டும் என்ற கருத்துப்பட ஐயர் தேற்றினார். அடுத்த வாரம் சென்றபோது அம்மையாரே அவனை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் எடுத்துரைப்போர் பெரும்பாலும் ஐயரையே புகழ்வர். புகழத் தக்கவரே. ஆயினும் அந்த ஒரு வாரத்தில் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதே கவிஞர்களுக்குரிய பொருள். வாதம் நடந்ததா? மௌனம் நடந்ததா? பிள்ளை துடைத்துவைத்த தரையை அவர் மறுபடி கழுவினாரா? கழுவும்போது நினைப்பு மாறியதா? நூலில் விடையில்லை. பாணன் வீட்டுப் பெண் நாணத்தால் அடைத்த கதவையும், இந்த அம்மையார் பின்னே நின்று பார்த்த கதவையும் ஒருசேர எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டு கதவுகளையும் உள்ளிருந்து திறக்க வேண்டியவள் பெண்ணே. இரண்டாம் கதவு திறந்தது.

புலவர்களின் பசியறிந்து பொருள் தந்த மண் இது. கீழக்கரைச் சீதக்காதியை மறந்து சீறாப்புராண வரலாற்றைச் சொல்ல இயலாது. அந்த வள்ளல் வீட்டில் உலை வைத்தவர்களின் பெயர்கள் எந்தத் தனிப்பாடலிலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே கரையில் நோன்பு மாதத்து மாலைகளில் பள்ளிவாசல் அண்டாவில் அரிசியும் பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கஞ்சி கொதிக்கிறது. உணவு எது, பானம் எது என்று பிரிக்க முடியாத ஒன்று. தூக்குவாளியோடு நிற்கும் வரிசையில் நோன்பில்லாத வீட்டுப் பிள்ளைகளும் நிற்பர். யாரும் கேட்பதில்லை.

எல்லாரும் உண்டபின் இக்கரை வீடுகளில் இன்னொரு வேலை எஞ்சியிருக்கும். சட்டியின் அடியில் தங்கிய சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும். விடியலில் அது நீராகாரமாகும். இரண்டு சின்ன வெங்காயமும் கொஞ்சம் பழைய மீன்குழம்பும் போதும். விளக்கை அணைப்பதற்கு முன் அந்தத் தண்ணீரை ஊற்றுகிறவள், தான் உண்டாளா என்பதை யாரும் கேட்டறியாத வீடுகள் இன்னும் உள்ளன. சட்டியில் தண்ணீர் விழும் அந்த ஓசையைக் கேட்டு எழுதப்பட்ட கவிதை ஒன்று, வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கூட்டங்களில் படிக்கப்படுமாயின் அவை மகிழும்.