மண்ணுக்கும் ஒரு முந்தானை

(முகத்துவாரக்குப்பம் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வாசல்ல என்ன செடி வெச்சாலும் கருகிப் போகுது, தண்ணி ஊத்தி மாளலை" என்று பல குழுக்களில் சொல்றீங்க. நம்ம மண் மணல். ஊத்துற தண்ணி நிற்காமல் கீழே இறங்கிடும். மேலே இருக்கிற ஈரத்தை வெயிலும் உப்புக் காத்தும் குடிச்சிடும். குடம் குடமாகத் தூக்கிட்டு வர்ற தண்ணி அது. அதைக் காப்பாத்த ஒரு வழிதான் உயிர் மூடாக்கு.

மூடாக்கு என்றால் மண்ணை மூடி வைப்பது. சருகு, வைக்கோல், தென்னை மட்டை போட்டு மூடலாம். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா (1938-2013) ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். சருகுக்குப் பதிலாகத் தரையோடு படரும் செடியை வளர்த்து மூடினால் அது உயிர் மூடாக்கு. கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் இளம் மரங்களுக்கு நடுவே பயறு வகைக் கொடிகளை இப்படித்தான் படர விடுறாங்க.

நமக்கு இது புதுசும் இல்லை. கடற்கரையில் அடப்பங்கொடி படர்ந்த இடத்தில் மணல் பறக்காது, மேடு கரையாது. அந்தக் கொடியை யாரும் பிடுங்காதீங்க, அது கரைக்குக் காவல். ஆனால் சின்ன வாசலுக்கு அது ஆகாது, எல்லாத்தையும் மூடிடும்.

வீட்டுக்கு ஏற்றவை மூன்று:

1. தட்டைப்பயறு: முருங்கை, பப்பாளி, தென்னையைச் சுற்றி விதைக்கலாம். வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். பூக்கும் பருவத்தில் அடியோடு அறுத்து அங்கேயே பரப்பிடுங்க. வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.

2. சர்க்கரைவள்ளிக் கொடி: மணலில் நன்றாக வரும். ஒரு சாண் நீளத் துண்டு வெட்டி நட்டாலே போதும்.

3. பொடுதலை: உப்பையும் மிதியையும் தாங்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். களையை வர விடாது.

செய்முறையில் மூன்று விஷயம் கவனிக்கணும். முதலாவது, கன்று வேர் பிடித்து ஒரு மாதம் ஆன பிறகே மூடாக்குச் செடி வைக்கணும். இல்லாவிட்டால் கன்றுக்குப் போற தண்ணியை இது குடிச்சிடும். இரண்டாவது, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்க. மூன்றாவது, கொடி ஏறினால் வெட்டி அங்கேயே போடுங்க. புரட்டாசிக் கடைசியில் வைத்தால் ஐப்பசி மழை அதை வளர்த்துவிடும். தண்ணி ரொம்பத் தட்டுப்பாடான கோடையில் புதுசாக வைக்க வேண்டாம். அப்போ சருகு மூடாக்கே நல்லது.

இப்போ முக்கியமான விஷயம். நம்ம பகுதியில் அனல் மின் நிலையச் சாம்பல் காத்தில் வந்து படியுது, ஆத்திலும் கலந்திருக்கு. சாம்பலில் ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் குடியிருப்புகளுக்குள் வந்தது. இப்படிச் சாம்பல் படிந்த, எண்ணெய் நின்ற மண்ணில் பொடுதலை மட்டும் படர விடுங்க. தூசி பறப்பது குறையும், பிள்ளைங்க மூச்சுக்கு நல்லது. ஆனால் அந்த மண்ணில் கீரையோ கிழங்கோ போட்டுச் சாப்பிடாதீங்க. பொடுதலைத் துவையலும் அங்கிருந்து வேண்டாம். சமையலுக்கான கீரையை, நல்ல மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிய சாக்குப் பையில் வளர்த்து, நன்றாக அலசிச் சமைங்க. உயிர் மூடாக்கு மண்ணை மூடும், விஷத்தை எடுக்காது. மண்ணைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்பது நம்ம உரிமை. அதைக் கிராம சபையோ வார்டு கூட்டமோ, எங்கே பேச இடமிருக்கோ அங்கே கேட்போம்.

ஒரு வேண்டுகோள். குழுவுக்கு ஒருத்தர் இரண்டு கன்று எடுங்க. ஒன்றுக்கு மூடாக்கு வையுங்க, இன்னொன்றைச் சும்மா விடுங்க. எதுக்கு எத்தனை குடம் ஊத்தினோம் என்று ஒரு மாதம் குறித்து வையுங்க. அந்தக் கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேமிப்புக் கணக்கு மாதிரி தண்ணிக் கணக்கும் நம்ம கையில் இருக்கட்டும்.