கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லிஃப்ட் பராமரிப்பும் தண்ணீர் லாரிக் கணக்கும் பேசி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் நன்றி.

வெளிநாட்டு வேலைச் சட்டத்துக்கும் நம் அபார்ட்மென்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, ஏ.சி. சர்வீஸுக்கு வரும் தம்பி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகன், இவர்களில் யாராவது ஒருநாள் நம்மிடம் வந்து, "சார், குவைத்துக்கு விசா வந்திருக்கு, இந்தப் பேப்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். "நல்லது, போயிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். அதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே என் பேச்சு.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. அதில் இறந்த இந்தியர்கள் 45 பேர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். வேலைத்தளத்தில் நடந்த விபத்து அல்ல அது. வேலை முடித்து வந்து தங்கும் இடத்தில் நடந்தது. நம் மாடிப்படியில் யாராவது பழைய சோபாவைப் போட்டு வைத்தால்கூட நாம் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிறோம். அப்படிக் கேட்கும் வசதி அங்கே இருப்பவருக்குக் கிடையாது. ஆகவே அவருக்கான பாதுகாப்பை இங்கிருந்து கிளம்பும்போதே கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். ஈ.சி.ஆர். என்றதும் நமக்கு மகாபலிபுரம் போகும் சாலைதான் நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்துகள் இருந்தால், குடிபெயர்வு அனுமதி தேவை என்று பொருள். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இது இருக்கும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பாளரின் அனுமதி வேண்டும். சென்னையிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

"இதெல்லாம் அலைச்சல், விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறைப்படி போனால் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் என்ன என்பதெல்லாம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகும். விசிட் விசாவில் போனால் எதுவுமே பதிவாகாது. நாளைக்குச் சம்பளம் வரவில்லை என்றால், வேலை பார்த்ததற்கே சாட்சி இருக்காது.

இரண்டாவது, ஏஜென்ட். அதே இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் ரூ.30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக ரூ.35,400 மட்டுமே வாங்கலாம். ரசீது தர வேண்டும். வீட்டு நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டுகிறார் என்றால், அந்தப் பயணம் கடனோடுதான் தொடங்குகிறது. கடன் உள்ளவரால் மோசமான முதலாளியை விட்டு விலக முடியாது. உரிமை இருந்தும் பயன்படாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது, காப்பீடு. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்பது ஈ.சி.ஆர். பிரிவினருக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்ச ரூபாய். நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான் இந்தத் தொகை. பாலிசியின் நகல் வீட்டில் மனைவியிடமோ தாயிடமோ இருக்கட்டும். அவர் பெட்டியில் மட்டும் இருந்து பயனில்லை.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தெருமுனைத் தரகர் தேவையில்லை.

அந்த நாட்டுச் சட்டங்களும் முன்பு போல இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது. ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். தங்குமிடமும் உணவும் தராத முதலாளி அதற்குத் தனியே 800 ரியால் சேர்த்துத் தர வேண்டும். குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு.

சட்டம் ஏட்டில் இருப்பதாலேயே எல்லாம் நடந்துவிடாது என்பதும் உண்மை. விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. சொல்லாமல் ஓடிப்போனால் "தலைமறைவு" என்று புகார் பதிவாகி, நியாயம் உள்ளவரே குற்றவாளி ஆகிவிடுவார். ஆகவே ஓடுவதற்கு முன் இந்தியத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். குடும்பத்தார் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் புகார் பதியலாம். கையில் காசில்லாமல் தவிப்பவருக்கு டிக்கெட், சட்ட உதவி, இறந்தவரின் உடலைக் கொண்டுவருவது போன்றவற்றுக்குத் தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம்.

கடைசியாக நம் வீட்டுப் பிள்ளைகள். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்" என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கதை செய்திகளில் வந்தது. சிக்கியவர்களில் படித்தவர்கள் பலர். படித்தவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இல்லை. அதனால் குடிபெயர்வு அனுமதி என்று யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வியை வீட்டில் நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் பிரின்டரும் இருக்கின்றன. நம் வளாகத்தில் வேலை பார்ப்பவர் எவர் கேட்டாலும், ஏஜென்ட் பதிவைச் சரிபார்த்து, ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லி, பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பாலிசி ஆகியவற்றை நகல் எடுத்துக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். முறைவைத்து உட்கார நான்கு பேர் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற மூவர் கூட்டம் கலைவதற்குள் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.