வேலையற்றோர் உதவித்தொகையும் நம் குடும்பங்களும்

(காரைக்குடியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கேட்டமாத்திரத்தில் சிலருக்கு மனக்கூச்சம் விளைவிக்கக் கூடியதாகும். வேலையின்றி இருக்கும் இளைஞருக்கு அரசாங்கம் அளிக்கும் உதவித்தொகையைப் பெறுவது எங்ஙனம் என்பதும், அதனைப் பெறுவதில் நேரும் இடையூறுகள் யாவை என்பதுமே அவ்விஷயம். "கொடுத்துப் பழகிய நம் கை வாங்குவதற்கு நீளலாமா?" என்று வினவுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களது மான உணர்ச்சியை நாம் மதிக்கின்றோம். ஆயினும், அவ்வினாவிற்கு விடை கூறாமல் மேற்செல்லுதல் முறையன்று; ஆதலின் அதனையே முதற்கண் ஆராய்வோம்.

முன்னாள் நிலைமை

நம் முன்னோர் காலத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் என்னும் சொல்லே நம் ஊர்களில் அருகியே வழங்கிற்று. பையனுக்குக் கணக்குப் பழகியதும் பெட்டியடிப் பையனாக ஒரு கடைக்கு அனுப்புவர். அவன் அடுத்தாளாகி, பின்னர் ஏஜெண்டாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். உறவினர் கடைகளே அக்காலத்து உத்தியோக சாலைகள். பர்மாவிலே நம்மவர் தொழில் எவ்வளவு ஓங்கியிருந்ததெனில், கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 ஜில்லாக்களின் விளைநிலத்தில் 1930இல் 6 சதவிகிதமாயிருந்த நம்மவர் உடைமை, பொருளாதார மந்தத்தினால் கடனுக்கு ஈடாக வந்தடைந்த நிலங்களையும் சேர்த்து 1938இல் 25 சதவிகிதமாயிற்று. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு நேர்ந்தது. 1948இல் பர்மா சர்க்கார் நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டம் இயற்றிற்று. 1963இல் பாங்குகளும் தேசவுடைமையாயின. ஒரே தொழிலைப் பயின்று அதிலேயே வாழ்ந்திருந்த எத்தனையோ குடும்பங்கள், பெரிய வீடும் வெறும் பெட்டகமுமாக நின்றன. அந்நாளில் வேலையிழந்தோர்க்கு உதவும் சட்டம் ஒன்றும் இங்கில்லை. உறவினர் கைகொடுத்தனர், கோயிலும் விடுதியும் கைகொடுத்தன, கல்வி கைகொடுத்தது.

இன்றோ, உறவினர் கடை என்னும் அந்த ஏணி இல்லை. நம் பிள்ளைகள் பட்டம் பெற்று, பிறரைப்போலவே விளம்பரம் பார்த்து, பரீட்சை எழுதி, ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றனர். நிலைமை மாறியபின் அதற்கேற்ற வழியை அறிந்து நடப்பதே விவேகம்.

இது தருமமன்று, உரிமை

பிரிட்டனில் 1911ஆம் வருஷத்துச் சட்டத்தினால் வேலையிழந்தோர் காப்புறுதி முதலில் சில தொழில்களுக்கு ஏற்பட்டது. அமெரிக்காவில் 1935இல் அத்தகைய சட்டம் வந்தது. நமது தேசத்திலே, 1950இல் அமுலுக்கு வந்த அரசியலமைப்பின் 41ஆவது விதி, வேலையின்மை, மூப்பு, நோய் முதலிய நிலைமைகளில் பொது உதவி கிடைக்கச் செய்தலை, பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு, அரசாங்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் குறிக்கின்றது.

மகமை என்பது நமக்குப் புதிதன்று. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிப் பொதுக் காரியத்திற்கு அளித்தோம். அப்பொது நிதியால் எழுந்த விடுதியிலே தங்கியவனை இரவலன் என்று எவரும் இகழ்ந்ததில்லை. அவனுடைய பாட்டனும் தகப்பனும் இட்ட காசும் அதில் உண்டு. வரியும் காப்புறுதிச் சந்தாவும் இக்காலத்து மகமை என்று கொண்டால், தகுதியுடையவன் விண்ணப்பஞ் செய்வதில் குறைவு யாதொன்றுமில்லை. தகுதியில்லாதவன் பொய்யுரைத்துப் பெறுவதே மானக்கேடு.

மாகாண அரசின் உதவித்தொகை

1945இல், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரும்பொருட்டு இந்தியாவில் வேலைவாய்ப்பு நிலையங்கள் தோன்றின. 1948இல் அவை எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. நம் ஜில்லாவிற்குச் சிவகங்கையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமே அவ்வலுவலகம். தமிழ்நாட்டு அரசு 2006 முதல் நடத்திவரும் உதவித்தொகைத் திட்டம் இவ்வலுவலகப் பதிவை ஆதாரமாகக் கொண்டது.

சமீப ஆண்டுகளின் அறிவிப்புகளிற் கண்டபடி, மாதமொன்றுக்குப் பத்தாம் வகுப்பில் தேறாதவர்க்கு 200 ரூபாய், தேறியவர்க்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கு 400, பட்டதாரிக்கு 600 என்று வகுக்கப்பட்டுள்ளது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பாங்குக் கணக்கில் செலுத்தப்படும். மூன்றாண்டு வரை கிடைக்கும். பட்டதாரி ஒருவர் முழுக்காலமும் பெறுவாராயின் மொத்தம் 21,600 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்குப் படிப்பிற்கேற்ப 600, 750, 1,000 ரூபாய் என்றும், பத்தாண்டு வரை என்றும் விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. அவர்களுக்குக் குடும்ப வருமான வரம்பு இல்லை. பதிவு செய்து ஓராண்டு கழிந்தாற் போதும்.

ஏனையோர்க்கு நிபந்தனைகள் இவை: பதிவு செய்து ஐந்தாண்டு இடைவிடாது புதுப்பித்து வந்திருத்தல் வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. வயது 40க்குள்ளும், ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு 45க்குள்ளும் இருத்தல் வேண்டும். பள்ளியிலோ கல்லூரியிலோ நாடோறும் சென்று பயில்பவராக இருத்தலாகாது. தபால்வழிக் கல்விக்குத் தடையில்லை. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் முதலிய தொழிற்பட்டம் பெற்றோர்க்கு இத்திட்டம் இல்லை. சம்பளம் பெறும் வேலையிலோ சுயதொழிலிலோ இருப்பவரும் பெறலாகாது.

"இந்தச் சிறு தொகைக்காகவா இவ்வளவு பிரயாசை?" என்று கேட்கலாம். தொகை சிறிதே, மறுக்கவில்லை. ஆயினும் பரீட்சைக் கட்டணமும் பஸ் சார்ஜும் புஸ்தகச் செலவும் தகப்பனாரிடம் கேட்கக் கூசி, விண்ணப்பமே போடாமல் நாளைக் கழிக்கும் பட்டதாரிப் பெண்களும் பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரும் 1,800 ரூபாய் சிறிய தொகையன்று.

விண்ணப்பத்தில் நேரும் தடைகள்

பெரும்பாலும் காகிதத்தில் உள்ள பிழையினாலேயே விண்ணப்பங்கள் தடைப்படுகின்றன. அவற்றுள் நம்மவர்க்குச் சிறப்பாக நேர்வனவற்றை எடுத்துரைப்போம்.

முதலாவது, பதிவு புதுப்பித்தல். மூன்றாண்டிற்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். மறந்துவிட்டால் ஐந்தாண்டுத் தொடர்ச்சி அறுபடும். பட்டம் பெற்றபின் அப்பட்டத்தைப் பதிவிற் சேர்க்காமல், பள்ளித் தேர்வை மட்டும் வைத்துக்கொண்டிருப்போரும் உளர். அவர் பட்டதாரிக்குரிய தொகையைக் கோர இயலாது. பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் பதிவு செய்துவிடுதலே நலம். இப்பொழுது பதிவும் புதுப்பித்தலும் இணையத்தின் மூலமே செய்துகொள்ளக் கூடும்.

இரண்டாவது, பெயர் வேற்றுமை. நம்மவரின் விலாச எழுத்துக்கள் மூன்றும் நான்குமாக நீளுவன. பாங்குப் புத்தகத்தில் விலாசம் முழுதும் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் எழுத்து ஒன்றே இருக்கும். ஆதார் அட்டையில் வேறொன்று இருக்கும். பாட்டனார் பெயரிட்டு வீட்டில் வேறு பெயர் வழங்குவதும் உண்டு. இவற்றினும் கடினமானது பிள்ளை கூட்டிய குடும்பத்தாரின் நிலை. பிறந்த வீட்டுத் தகப்பனார் பெயர் பள்ளிச் சான்றிதழிலும், கூட்டிக்கொண்ட தகப்பனார் பெயர் குடும்ப அட்டையிலும் இருக்குமாயின், இருவரும் ஒருவரே என்று அலுவலகத்தார் எங்ஙனம் நம்புவர்? சுவீகாரப் பத்திரத்தைப் பதிவு செய்து, மற்றக் காகிதங்களையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுதல் அவசியம். பெண்மக்கள் திருமணமாகி வேறு ஜில்லா சென்றால், பதிவையும் முகவரியையும் அங்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வருமானச் சான்று. "இத்தனை பெரிய வீட்டில் இருப்போர்க்கு 72,000 ரூபாய்க்குள் வருமானமா?" என்னும் ஐயம் எழுவது இயல்பே. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீண்ட வீட்டிலே பல புள்ளிகளுக்குப் பங்கு இருப்பதும், ஒவ்வொரு புள்ளியும் வேறு வைத்து வாழ்வதும் வெளியார் அறியார். வீடு வேறு, வருமானம் வேறு. ஆதலின் வருவாய்த்துறையாரிடம் செல்லும்பொழுது, பங்கு விவரத்தையும் தம் புள்ளியின் வரவையும் தெளிவாக எழுதிக் காட்டுதல் வேண்டும். வாடகை, வட்டி, வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணம் ஆகியவற்றை மறைத்தல் தகாது. வரம்பு கடந்திருந்தால், தகுதியில்லை என்று அமைந்துவிடுவதே நேர்மை.

நான்காவது, வெளியூர்ப் படிப்பு. பெங்களூரிலும் மும்பையிலும் மலேயாவிலும் பிள்ளைகளைப் படிக்கவைத்தோர், தமிழ்நாட்டில் கல்வி பயின்றதற்கும் குடியிருந்ததற்கும் சான்று கேட்கப்படும் என்பதை முன்னரே அறிந்து சென்று விசாரித்தல் நலம்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சுய உறுதிமொழிப் பத்திரம். முதலாண்டு பணம் வந்தவுடன் எல்லாம் முடிந்ததென்று எண்ணி, அடுத்த ஆண்டு உறுதிமொழி கொடாதிருப்பதால் தொகை நின்றுவிடுவது உண்டு. பாங்குக் கணக்கு வரவு செலவின்றி உறங்கிக் கிடந்தாலும் பணம் வந்து சேராது.

ஆறாவது, ஒரு வீண் அச்சம். உதவித்தொகை பெற்றால் பதிவு ரத்தாகிவிடும், உத்தியோக அழைப்பு வாராது என்று சிலர் அஞ்சுகின்றனர். அங்ஙனம் ரத்தாவதில்லை என்று அலுவலக அறிவிப்புகளே கூறுகின்றன.

கம்பெனி வேலை இழந்தோர்க்கு

மில்லிலும் கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்து, ஈ.எஸ்.ஐ. சந்தா செலுத்தியவர்க்கு வேறொரு வழியுண்டு. 1948ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட அக்காப்புறுதியில், 2019 ஜூலை முதல் தொழிலாளி ஊதியத்தில் 0.75 சதவிகிதமும் முதலாளி 3.25 சதவிகிதமும் செலுத்துவதாக விகிதம் குறைக்கப்பட்டது. 2018 ஜூலையில் 'அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா' என்னும் திட்டம் தொடங்கிற்று. முதலில், சராசரி நாளூதியத்தில் 25 சதவிகிதம் அளிக்கப்பட்டது. 2020 மார்ச்சு 24 முதல் அது 50 சதவிகிதமாக உயர்ந்தது. ஆயுளில் ஒருமுறை, 90 நாள் வரைக்கும் கிடைக்கும். நாளூதியம் 500 ரூபாயென்று கணிக்கப்பட்டால் 90 நாளைக்கு 22,500 ரூபாயாகும்.

இதற்குக் குறைந்தது இரண்டாண்டு காப்புறுதியில் இருந்திருத்தல் வேண்டும். வேலையிழந்ததற்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமலும், அதற்கு முன்னுள்ள மூன்று காலங்களில் ஒன்றில் 78 நாளுக்குக் குறையாமலும் சந்தா செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர்க்கும், தாமாக ஓய்வுபெற்றவர்க்கும் கிடையாது. முன்பு முதலாளி மூலமாகவே கோர வேண்டியிருந்தது. 2020க்குப் பின், வேலையிழந்து 30 நாள் சென்றதும், தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்திற்கு மனுச் செய்யலாயிற்று. இத்திட்டம் அவ்வப்போது காலவரையறையிட்டு நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதால், மனுச் செய்யுமுன் நடப்பிலுள்ள தேதியையும் விதியையும் கிளை அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. ஆட்குறைப்புச் செய்யும் நாளில், "ராஜிநாமா என்று எழுதிக் கையெழுத்திடு" என்று கேட்கப்பட்டால், படியாமல் கையெழுத்திடாதீர். வேலை நின்ற காரணமும் தேதியும் எவ்வாறு பதிவாகின்றன என்பதைப் பொறுத்தே பின்வரும் கோரிக்கை நிற்கும். வேலையில் இருக்கும்பொழுதே சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துவைத்து, சந்தா நாட்கள் சரியாக ஏறியுள்ளனவா என்று பார்த்துக்கொள்க.

இதில் நமக்குப் புதுமை என்ன? மூன்றாண்டுக் கணக்கிற்கு அயலூர் சென்ற நம் முன்னோர் சம்பளச் சீட்டு எழுதிக் கையில் வாங்காமல் கப்பலேறியதில்லை. திருமணத்திற்கு இசைகுடிமானம் எழுதினோம். மொய்க்கு ஏடு வைத்தோம். ஐந்தொகையில் ஒரு காசு குறைந்தால் இரவெல்லாம் விழித்துத் தேடினோம். அத்தகைய குலத்திற் பிறந்தவர், பதிவுச் சீட்டின் தேதி தெரியாமல் உரிமை இழப்பது வருந்தத்தக்கது அன்றோ!

சங்கம் செய்ய வேண்டுவது

எனவே நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். மாதத்தில் ஒரு மாலை, விவரமறிந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் இருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, இளைஞரின் காகிதங்களைப் பார்த்துத் திருத்தித் தருதல் ஒன்று. வீட்டிற்கு வெளியே வரக் கூசும் குடும்பங்களுக்கு, ஊர் தோறும் ஒருவர் சென்று இரகசியமாக உதவுதல் இரண்டு. பக்கத்து வீட்டார் எச்சமூகத்தினர் ஆயினும், கேட்டு வருவோர்க்கு இதே உதவியைச் செய்தல் மூன்று. அரசாங்கத்தின் நிதி எல்லார்க்கும் பொது. அதனை அடையும் வழியறிவும் பொதுவாதலே நியாயம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். உதவித்தொகை ஊன்றுகோலே, அதுவே கால் ஆகாது. அதனைக்கொண்டு பரீட்சை எழுதுங்கள். புதிய தொழில் பழகுங்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கலாசாலைகள் எழுப்பியதும், 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் ஈந்ததும், பழைய தொழில் போனாலும் நம் நாட்டு மக்கள் புதிய அறிவால் பிழைக்க வேண்டும் என்பதற்கன்றோ! வேலை கிடைத்த அன்றே அலுவலகத்திற்குத் தெரிவித்துத் தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வேலை கிடையாத பிள்ளையை, உறவினர் கூடிய விசேஷ வீட்டிலே, "இன்னும் சும்மாவா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, "உன் பதிவு எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும்?" என்று வீட்டிலே கேளுங்கள். முன்னது மனத்தை ஒடிக்கும். பின்னது வழியைத் திறக்கும்.