டென்னிஸ் ஆட்டத்தில் நிலையும் தாளமும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

இம்மேடையில் வள்ளுவரையும் கம்பரையும் பற்றிக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு டென்னிஸ் பற்றிய பேச்சு சற்றே புதுமையாகத் தோன்றலாம். பேச வந்தவரோ மெட்ரிகுலேஷன் வரை படித்த ரயில்வே குமாஸ்தா. ரயிலே வாராத கொள்ளேகாலில் ரயில்வே குமாஸ்தா குடியிருக்கலாம் என்றால், கோப்பையே வாங்காதவர் டென்னிஸ் பேசுவதிலும் குற்றமில்லை என்று செயலாளர் அவர்கள் எண்ணினார் போலும்!

காலனித் திடலில் யாம் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து கொடுக்கத் தொடங்கிய நாள் முதல் பெற்றோர் பலர் கூறுவது ஒன்றே. "நம் பிள்ளைகள் ஒல்லியானவர்கள், இவ்வாட்டத்திற்கு வேண்டிய பலம் இவர்களுக்கு ஏது?" என்பர். இது பிழை. இப்பிழையை யாமும் செய்தவர்களே. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

தென்காசிக் குடும்பத்தில் 1937இல் பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். தந்தையார் டி.கே.ராமநாதனே அவருக்கு ஆசான். 1954இல் விம்பிள்டனில் இளைஞர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே அரையிறுதி வரை சென்றார். 1961இல் கால் இறுதியில் அவரிடம் தோற்றவர், பின்னாளில் இருமுறை விம்பிள்டன் பட்டம் வென்ற ராய் எமர்சன். கிருஷ்ணனுடைய சர்வீஸ் எவரையும் அஞ்ச வைக்கும் வேகமுடையது அன்று. அவருடைய ஆட்டத்திற்கு உலகத்தார் இட்ட பெயரே 'தொட்டு ஆடும் டென்னிஸ்' என்பதாம். அவர் மைந்தர் ரமேஷும் அவ்வாறே. 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியில், அன்று உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை அந்த மெல்லிய சர்வீஸை வைத்துக்கொண்டே மூன்று நேர் செட்டுகளில் வென்றார். பலம் ஒன்றே ஆட்டமானால் இவை நடந்திருக்குமா?

அப்படியாயின் எது ஆட்டம்? பந்து மட்டையின் நரம்பில் தங்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. அதற்குள் மனிதன் எதனையும் திருத்திக்கொள்ள இயலாது. எனவே பந்தைத் தக்க நேரத்தில் தொடுவது என்பது தொடும்போது செய்கிற காரியம் அன்று. அதற்கு முன்னரே கால்கள் செய்து முடித்த காரியம்.

யாம் இதனை அறியாதிருந்தோம். எம் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் மட்டை பிடித்த நாள் முதல் கோட்டருகே நின்று "ஓங்கி அடி! ஓங்கி அடி!" என்று கூவுவதே எம் வழக்கமாயிருந்தது. பந்து வலையில் விழும். அல்லது சுற்றுச்சுவரைத் தாண்டும். யாம் இன்னும் உரக்கக் கூவுவோம். ஆறு மாதம் சென்றபின் ஒரு மாலை அவள் மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, "அப்பா, எனக்குப் பந்தே தெரியவில்லை, உங்கள் குரல்தான் கேட்கிறது" என்றாள். அதன்பின் இரண்டு மாதம் திடலுக்கு வரவில்லை. வீட்டிலும் எம்முடன் பேச்சு குறைந்தது. இதனைச் சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்நாட்களில் உறவினர் திருமணத்திற்குப் பட்டுச்சேலை பார்க்க ஒரு நெசவாளர் இல்லம் சென்றோம். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் நீங்கள் யாவரும் கண்ட காட்சிதான். ஆயினும் அன்றுதான் யாம் அதனை உற்று நோக்கினோம். அப்பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். கால் மிதியை அழுத்துகிறது. பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகின்றன. வலக்கை கயிற்றை இழுக்க நாடா ஓடுகிறது. இடக்கை பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறது. மீண்டும் கால். உடல் அசையவில்லை, தலை நிமிர்ந்தபடியே இருக்கிறது. "வேகமாக ஓட்டினால் என்னாகும்?" என்று கேட்டோம். "கால் வழி திறக்கும் முன் நாடா போனால் நூல் அறும்" என்றார். எமக்கு அவர் டென்னிஸ் ஆசிரியராகவே தோன்றினார்.

பிள்ளைகளே, இனி உங்களுக்கே சொல்கிறோம். எதிரில் நிற்பவர் பந்தை அடிக்கும் அக்கணத்தில் நீங்கள் ஒரு சிறு துள்ளல் துள்ளி, இரு பாதமும் தரையில் பதியுமாறு நில்லுங்கள். அப்போது எப்பக்கமும் ஓட உடல் ஆயத்தமாகும். மட்டையைப் பந்து தரையில் விழுவதற்கு முன்பே பின்னுக்குக் கொண்டு செல்லுங்கள். மட்டை பிடியாத கையைத் தொங்கவிடாதீர்கள். கழைக்கூத்தாடிக்குக் கம்பு எப்படியோ அப்படி அது உங்கள் நிலையைக் காக்கும். பந்தை உடலுக்கு முன்னே தொடுங்கள். தொட்டபின்னும் தலை ஒரு கணம் அங்கேயே இருக்கட்டும். பந்து எங்கே போயிற்று என்று பார்க்கும் அவசரத்தில்தான் பாதி அடிகள் கெடுகின்றன. பிடியோ, குழந்தையின் கையைப் பிடித்துத் தெருவைக் கடப்பது போல: நழுவவும் கூடாது, நோகவும் கூடாது.

தாளத்திற்கு ஓர் எளிய வழி உண்டு. திமோதி கால்வே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1974இல் வெளியிட்ட நூலில் கூறியது. பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் வாய்விட்டுச் சொல்லவேண்டும். யாம் 'தரை', 'மட்டை' என்று வைத்துக்கொண்டோம். சொல்லும் பந்தும் ஒன்றாக விழும்வரை வேறெதையும் எண்ணவேண்டா. வாய் சொல்லிக்கொண்டிருக்க, மனம் பதறுவதற்கு இடம் கிடைப்பதில்லை.

பதற்றம் என்றதும் 1966ஆம் ஆண்டுக் கல்கத்தா ஆட்டம் நினைவுக்கு வருகிறது. எம் பிறப்புக்கு முந்தியது. பெரியோர் சொல்லக் கேட்டது. டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் இரண்டுக்கு இரண்டு. வென்ற நாடே இறுதிப் போட்டிக்குச் செல்லும். இடக்கை ஆட்டக்காரர் தாமஸ் காக் இரண்டு செட் கைப்பற்றி, நான்காம் செட்டிலும் 5-2 என முந்தி நின்றார். அந்நிலையில் நம்மைப் போன்றோர் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்போம். தொட்டு ஆடும் கிருஷ்ணனோ அச்செட்டை 7-5 என மீட்டு, அடுத்ததை 6-2 என முடித்தார். மெல்போர்ன் இறுதியில் ஆஸ்திரேலியாவே வென்றது. எனினும் அங்கேயும் இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம், ரோச் இணையை வென்றனர்.

எம் மகள் கதையை முடிக்கவில்லை. நெசவாளர் இல்லத்திலிருந்து திரும்பிய மறுநாள் யாம் தனியே சுவரில் பந்தடித்து, 'தரை, மட்டை' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எமக்கே ஏழு முறைக்கு மேல் வரவில்லை. மாடியிலிருந்து பார்த்தவள் மூன்றாம் நாள் இறங்கி வந்தாள். "அப்பா, நீங்கள் சொல்லைப் பந்துக்கு முன்னே சொல்கிறீர்கள்" என்றாள். உண்மைதான். இப்போது அவள் இடைவிடாமல் நாற்பது முறை அடிக்கிறாள், யாம் இருபத்திரண்டு. கோட்டருகே நின்று கூவுவதை விட்டுவிட்டோம். விட்டது எளிதாக இல்லை. சில நாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றதும் உண்டு.

ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குத் திடலில் இருப்போம். மட்டை இல்லாதவர் பழைய பந்து ஒன்று கொணர்ந்தால் போதும்; மட்டைகள் நான்கு எம்மிடம் உள்ளன. தாய்மார்களும் வரலாம். செயலாளர் அவர்கள் மணி அடிக்கிறார்.