மஞ்சள் பைக்குள் இருப்பது

வயதான பெற்றோரின் வீட்டை ஒதுங்கவைக்க அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் கூடுகிறார்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்குகிறது. அதற்குள் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன முத்திரைத்தாள்கள்.

முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயரில் பத்திரம் இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாத்தாவுக்கு அந்த நிலத்தை விற்றவருடைய மூலப்பத்திரமாக அது இருக்கலாம். நாளைக்கு வீட்டை விற்கவோ, கடன் வாங்கவோ போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பழைய பத்திரத்தை லேமினேட் செய்யவும் வேண்டாம். தாள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது.

பழைய வங்கிப் பாஸ்புத்தகம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் அந்த வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். தேடிப் பார்க்க 2023இல் தொடங்கிய 'உத்கம்' இணையதளம் உதவும். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான். அதனால் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடாது. உடன்பிறந்தவர்களுக்குள் மனஸ்தாபம் வருவதே இது தெரியாமல்தான்.

கடைசியாக, புகைப்படங்கள். அவற்றில் யார் யார் என்று சொல்ல அம்மா இருக்கிறபோதே உட்கார்ந்து கேளுங்கள். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயரை எழுதுங்கள். சொத்துக் காகிதத்துக்கு நகல் வாங்கலாம். அம்மாவின் ஞாபகத்துக்கு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை.