பிள்ளைகளை உறங்க விடுங்கள்

(மேனிலைப் பள்ளியொன்றின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாணவர் முன்னேற்றம் என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். நம் ஊரில் முன்னேற்றம் என்றால் மதிப்பெண் என்று பொருள். அதைப் பற்றிப் பேச இங்கு என்னினும் வல்லார் பலர் உளர். நான் உறக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கின்றது. சிரியுங்கள், ஆனால் என் வினாவுக்கு விடை சொல்லிவிட்டுச் சிரியுங்கள். உங்கள் மகன் சென்ற தேர்வில் கணக்கில் எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று கேட்டால் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நேற்றிரவு அவன் எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தான்? இன்று எத்தனை மணிக்கு எழுப்பப்பட்டான்? சொல்லக்கூடியவர் கையுயர்த்துங்கள். ஐந்து கைகள். இருநூறு பேர் அமர்ந்திருக்கும் மன்றத்தில் ஐந்தே கைகள்!

நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் நாலரை மணிக்கு எழுப்புகின்றீர்கள். ஐந்தரைக்குத் தனிப்பயிற்சி. எட்டேகாலுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. ஒன்பதரை முதல் நாலரை வரை பள்ளி. அதன்மேல் ஒரு மணிநேரம் மீண்டும் சிறப்பு வகுப்பு. ஆறரைக்கு வேறொரு தனிப்பயிற்சி. வீடு திரும்பி உண்டு, எழுத்துப் பணி முடித்து, கைப்பேசியைச் சற்றே தடவிப் படுக்கும்போது மணி பதினொன்றரை. எஞ்சியது ஐந்து மணிநேரம். அடுத்த நாளும் இதுவே, காரிக்கிழமையும் இதுவே. ஞாயிற்றுக்கிழமை தேர்வு.

பசித்த பிள்ளை படிக்காது என்பதை இந்நாடு உணர்ந்தது. 1956-இல் காமராசர் நண்பகல் உணவு தந்தார். 1982-இல் ம. கோ. இராமச்சந்திரன் அதனை ஊட்டவுணவாக விரித்தார். 2022-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்குக் காலையுணவும் வந்தது. வயிற்றுப் பசி நம் கண்ணுக்குப் புலப்பட்டது. உறக்கப் பசி இன்னும் புலப்படவில்லை. பசித்தவனுக்குச் சோறிடுகின்றோம், உறங்கி விழுகின்றவனை எழுப்பி நிற்க வைக்கின்றோம்.

அகவை பதின்மூன்று முதல் பதினெட்டு வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட முடிபு. வளர வளர உறக்கத் தேவை குறையும் என்றே நாம் எண்ணியிருந்தோம். 1970களின் பிற்பகுதியில் சுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்சுகேடன் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் சிறுவர் சிறுமியரைக் கோடை முகாமில் தங்கவைத்து, இரவில் பத்து மணிநேரம் படுக்கவிட்டு அளந்து பார்த்தனர். பருவமெய்திய பிள்ளைகளும் இளையவர்களைப் போலவே ஏறத்தாழ ஒன்பதேகால் மணிநேரம் உறங்கினர். நம் எண்ணம் பிழையென்பது அன்றே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். உறக்கத்தை அழைத்து வரும் மெலட்டோனின் என்னும் சுரப்பு, பருவமெய்தும் அகவையில் இரவில் காலந்தாழ்ந்தே சுரக்கத் தொடங்குகின்றது. சிறுவனாய் இருந்தபோது எட்டு மணிக்கே சுருண்டு படுத்தவன் இப்போது பத்தரைக்கும் கண்மூடாமல் கிடப்பதும், காலையில் எழுப்பினால் எரிந்து விழுவதும் திமிரால் வந்தவை என்று நாம் திட்டுகின்றோம். அவன் உடலின் கடிகை அவ்வாறு திருகப்பட்டிருக்கின்றது. அதற்கு அவனைக் குற்றஞ் சொல்லுதல், மீசை அரும்புவதற்குக் குற்றஞ் சொல்லுதல் போன்றதே.

ஔவையார் விடியுமுன் எழச் சொன்னாரே என்று கேட்பீர்கள். சொன்னார். அவர் அதனைச் சொன்னது விளக்கேற்றிய சிறிது நேரத்தில் பாய் விரித்த மக்களிடம். நள்ளிரவு வரை விழித்திருந்து, பின் விடியுமுன் எழு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை யாமம். இரண்டு முதல் ஆறு வரை வைகறை. யாமமும் வைகறையும் சேர்ந்தால் இருபது நாழிகை. நாழிகைக்கு இருபத்துநான்கு மணித்துளியாகப் பெருக்கிப் பாருங்கள், சரியாக எட்டு மணிநேரம். இதைக் கொண்டு பழந்தமிழர் உறக்க ஆய்வுக்கூடம் வைத்திருந்தனர் என்று முரசறைய நான் வரவில்லை. அப்படிப் பேசுவோர் போதிய அளவுக்கு இருக்கின்றனர். இரவென்பது உடலுக்கு உரியது என்னும் எளிய அறிவு நம்மிடம் இருந்தது என்பதே நான் சொல்ல வந்தது.

நான் மேனிலை இரண்டாமாண்டு பயின்றது 1987-இல். எங்கள் வீட்டில் ஓர் அரிக்கன் விளக்கு. ஒன்பது மணியானால் என் தந்தையார், "எண்ணெய் தீர்ந்துவிடும், விளக்கைத் தணி" என்பார். படிப்பைக் கெடுக்கின்றாரே என்று நான் அழுததுண்டு. அளவையட்டைக்குக் கிடைத்த அந்தச் சிறிதளவு மண்ணெண்ணெய்தான் என் உறக்கத்தைக் காத்தது என்பதை ஐம்பது அகவை கடந்தபின் உணர்கின்றேன். இன்று மின்விளக்கு தீர்வதில்லை. கைப்பேசியின் ஒளியோ கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் எரிகின்றது.

"உறங்கினால் படித்தது மறந்துபோகுமே" என்பது தாய்மாரின் கவலை. நேர்மாறானது உண்மை. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செங்கின்சு, தாலென்பாக் என்னும் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். மாணவர் இருவரைப் பொருளற்ற பத்து அசைகளை நெட்டுருச் செய்யவைத்து, ஒருநாள் உடனே உறங்கவும், வேறொருநாள் விழித்திருக்கவும் விட்டனர். எட்டு மணிநேரம் உறங்கி எழுந்தபோது பத்தில் ஐந்துக்கு மேல் நினைவில் நின்றன. விழித்திருந்தபோது ஒன்றளவே நின்றது. இருவரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆயினும் பின்வந்த ஆய்வுகள் பலவும், உறக்கத்தில் மூளை அன்றைய பாடத்தை அடுக்கி வைக்கின்றது என்றே காட்டின. விதைத்த வயலை அன்றிரவே மறுபடி உழுதுவிட்டு, பயிர் முளைக்கவில்லையே என்று கேட்கும் உழவனை எங்கேனும் கண்டதுண்டா?

பொருளற்ற அசைகள் என்றேன். அச்சொல் என்னை உறுத்துகின்றது. நினைவாற்றலை முதன்முதல் அளந்த எபிங்கவுசு என்னும் செருமானிய அறிஞர் 1885-இல் தம் நூலில் எழுதினார்: பொருளுடைய பாடலை நெட்டுருச் செய்ய, அதே அளவுள்ள பொருளற்ற அசைகட்கு வேண்டிய உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போதும் என்று. நம் பிள்ளைகள் பலர்க்குப் பாடநூல் முழுவதும் பொருளற்ற அசைகளாகவே இருக்கின்றது. ஒளிச்சேர்க்கை என்று சொன்னால் ஒளியும் சேர்தலும் அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பாதியை ஊகித்துவிடும். அதனையே போட்டோசிந்தசிசு என்று வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில் ஓதவைத்தால், அப்பிள்ளைக்கு அது பத்து உருப்போட்டாலும் ஒட்டாத ஒலி. ஒட்டாததை ஒட்டவைக்கக் கூடுதல் மணிநேரம் வேண்டும். அதனை உறக்கத்திலிருந்து திருடுகின்றோம். ஒளிவுமறைவின்றி ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன்: எபிங்கவுசு பயின்ற பாடல் அவர் தாய்மொழியில் அமைந்ததன்று, ஆங்கிலப் பாடல். ஆனால் அவர்க்கு அது விளங்கிற்று. விளங்காமல் படிப்பதே கேடு. தமிழாசிரியர்களாகிய நாங்களும் உரைநூல் வினா விடையை நெட்டுருச் செய்ய வைத்து, தாய்மொழிப் பாடத்தையே அசைக்கூட்டமாக்கியிருக்கின்றோம். அக்குற்றத்தில் என் பங்கு சிறிதன்று.

என் பங்கைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.

சில ஆண்டுகட்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, பன்னிரண்டாம் வகுப்பினர்க்குக் காலை ஐந்தரை மணிக்குச் சிறப்பு வகுப்பு நடத்தினேன். யாரும் என்னைப் பணிக்கவில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் ஆசை. ஆறு கல் தொலைவிலிருந்து மிதிவண்டியில் ஒரு பையன் வருவான். வந்தமர்ந்த கால்மணியில் தலை சாயும். நான் அவனை வகுப்பு முடியும் வரை நிற்க வைத்தேன். ஒருநாளன்று, பல நாள். "உறங்குவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்று எல்லாரும் சிரிக்கும்படி கேட்டேன். அவனும் சிரித்தான்.

ஒரு மார்கழி விடியலில் அவன் வரவில்லை. மிதிவண்டியை மிதித்துக்கொண்டே உறங்கியிருக்கின்றான். சாலையோரம் நின்ற கரும்பு வண்டியில் மோதி வலக்கை முறிந்தது. பொதுத்தேர்வில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். மருத்துவமனைக்கு நான் சென்றபோது அவன் தந்தையார் எழுந்து நின்று கைகூப்பி, "ஐயா, இன்னும் ஒரு திங்கள் இவனால் உங்கள் வகுப்புக்கு வர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் என்னை அறைந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் தாழ்ந்தது. ஆண்பிள்ளை நாலரைக்கு எழுந்தால் நூலை எடுக்கின்றான். அவளோ முதலில் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு கட்டிவிட்டுத்தான் நூலைத் தொடுகின்றாள். 2019–21-இல் எடுத்த நாட்டளாவிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அகவை பதினைந்து முதல் பத்தொன்பது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பதின்மர் குருதிச் சோகை உடையவர்கள். இரும்பூட்டம் குறைந்த உடல், உறக்கமும் குறைந்த உடல். அவள் வகுப்பில் தலை கவிழ்ந்தால் சோம்பேறி என்று பெயர் வைக்கின்றோம்.

உள்ளத்துக்கு நேரும் கேட்டைச் சொல்ல நாக்கு எழவில்லை. 2022-ஆம் ஓராண்டில் மட்டும் இந்தியாவில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்பது நடுவணரசின் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. எல்லாவற்றுக்கும் உறக்கமின்மையே கரணியம் என்று சொல்லேன், அது பொய்யாகும். ஆனால் உறங்காத உள்ளத்தில் சிறு துன்பமும் மலையாகும் என்பதை நாம் ஒவ்வொருவரும் பட்டறிந்திருக்கின்றோம். 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அதனை நம் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதுமாறு தலைமையாசிரியரை வேண்டிக்கொள்கின்றேன்.

"ஊரே ஓடும்போது நம் பிள்ளை மட்டும் உறங்கலாமா?" என்பீர்கள். உண்மைதான், இது தனி வீட்டால் ஆகும் செயலன்று. முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. ஆனால் பயிற்சி நிலையங்களின் பதாகைகள் நிற்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்குத் தள்ளினர். பிள்ளைகள் அந்நேரத்தையும் கைப்பேசியில் கழிப்பர் என்றே பலர் எண்ணினர். அளந்து பார்த்தபோது நாளொன்றுக்கு முப்பத்துநான்கு மணித்துளி கூடுதலாக உறங்கியிருந்தனர். கலிபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டமே இயற்றி, 2022 முதல் மேல்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கலாகாது என்றாக்கிற்று. நம் பள்ளி ஒன்பதரைக்குத்தான் தொடங்குகின்றது. சட்டம் நமக்குத் தேவையில்லை. நாமாகச் சேர்த்துக்கொண்டவற்றை நாமே கழித்தால் போதும்.

வரும் திங்கட்கிழமை முதல் தமிழ்ப் பாடத்துக்குக் காலைச் சிறப்பு வகுப்பு இல்லையென்று தலைமையாசிரியர்க்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்காசிரியரும் இசைந்திருக்கின்றார். மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கின்றேன், அறிவியல் ஆசிரியர் இன்னும் என்மேல் சினமாகத்தான் இருக்கின்றார். தேர்வு நெருங்கும்போது கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் விளையாட்டு வகுப்பும் இவ்வாண்டு கடன் போகாது. பெற்றோராகிய உங்களிடம் வேண்டுவது இரண்டே. இரவு பத்துக்குக் கைப்பேசி, உங்களுடையதும் சேர்த்து, கூடத்து மாடத்துக்குச் செல்லட்டும். மகளின் காலை வேலையில் பாதியை மகன் செய்யட்டும்.

வாயிலருகே மேசைமேல் தாள்கள் வைத்திருக்கின்றேன். ஏழு நாளுக்கு ஏழு வரிசை. படுத்த நேரம், எழுந்த நேரம், அவ்வளவே. வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையிடம் கேட்டு எழுதாமல், நீங்களே பார்த்து எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மாலை இதே மன்றத்தில் அவற்றை விரித்து வைத்து மீண்டும் பேசுவோம்.