மயிலைக் கடற்கரைக்கு எந்த வழி?

ஓர் ஊரைக் காண வருபவர் எந்த வாயில் வழியாக நுழைகிறார் என்பதைப் பொறுத்தே அவர் காணும் ஊர் அமைகிறது. சென்னைக்கு இன்று வருபவர் ரயில் நிலையத்திலோ, பேருந்து நிலையத்திலோ, விமான நிலையத்திலோ இறங்குகிறார். கடற்கரையைக் காண்பது அவருடைய பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. மாலையில் வருகிறார், காற்று வாங்குகிறார், சுண்டல் தின்கிறார், திரும்புகிறார். கடலோர நகரம் ஒன்றைக் கண்டுவிட்டதாக ஊருக்குப் போய்ச் சொல்கிறார்.

ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்நகருக்கு வாயிலாக இருந்தது கடலே. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இடம் பெற்றபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையில் அலைகள் புரண்டு உடையும். அந்த அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை, பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். கடிதங்களைத் தங்கள் ஓலைக் குல்லாய்க்குள் வைத்து நனையாமல் கொண்டு சென்றவர்கள் கட்டுமரத்தார். ஆளுநராக வந்தவரும், எழுத்தராக வந்தவரும், பாதிரியாராக வந்தவரும் இந்த மண்ணில் முதலில் பற்றிய கை ஒரு கடலோடியின் கைதான். நகரைக் காண வந்த ஒவ்வொருவருக்கும் வழிகாட்டியாக இருந்தவர்களை, இன்று நகரைக் காண வருபவர் கடைசியில் காண்கிறார்; அல்லது காணாமலே போகிறார். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

1870களின் நடுவில் துறைமுகப் பணி தொடங்கியது. கடலுக்குள் கல்லடுக்கிக் கட்டிய சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து நிறுத்தியது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து அகன்ற கடற்கரையாயிற்று. மணல் வரத்து இழந்த வடபகுதியைக் கடல் அரித்தது. ராயபுரம் பக்கத்து மக்கள் இழந்த கரையும் மெரினா பெற்ற கரையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரமாக நடைபாதை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அதுவரை தொழில் செய்யும் இடமாக இருந்த கரை, அன்று முதல் பார்க்கும் இடமும் ஆயிற்று.

1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது இக்கடற்கரையில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோவடிகள், பாரதியார், பாரதிதாசன் முதலியோருக்குச் சிலைகள் எழுந்தன. தமிழ்க் கவிதைக்கு நகரம் செய்த பெருஞ்சிறப்பு அது. ஆனால் ஒன்றைக் கவிஞர்கள் கவனித்திருக்கலாம். அச்சிலைகள் சாலையை நோக்கியே நிற்கின்றன. கடல் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. சாலையில் செல்வோர் பார்க்க வேண்டும் என்பதற்காக அவ்வாறு நிறுத்தினர். அதில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும் நெய்தல் பாடிய மொழியின் புலவர்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது, கடந்த ஒரு நூற்றாண்டுத் தமிழ்க் கவிதைக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவைத் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது.

சரி, மயிலையிலிருந்து கடலுக்கு எப்படிச் செல்வது? பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் என்ற பெயரில் ஒரு நிலையம் உண்டு. அங்கே இறங்கும் வெளியூரார் கடலைத் தேடுவார். காலடியில் பக்கிங்காம் கால்வாய்தான் இருக்கும். கடலுக்கு அங்கிருந்து நடக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, கபாலீசுவரர் கோயில் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நடப்பது. கச்சேரிச் சாலை வழியாகச் சாந்தோம் நெடுஞ்சாலையை அடைந்து, அதைக் கடந்து, ஒரு சந்தில் நுழைந்தால் லூப் சாலை. அதன் ஓரமாக, கலங்கரை விளக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, நொச்சிக்குப்பம். மொத்தம் அரை மணி நேர நடை.

இந்த வழி இன்று நேற்று ஏற்பட்டதன்று. போர்ச்சுக்கீசியர் 1520களில் சாந்தோமில் குடியேறுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மயிலை ஒரு கடல்துறை. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது என்பது மரபு. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் திங்கள்தோறும் நிகழும் விழாக்களை அடுக்கிச் சொல்லும்போது, மாசி மாதக் கடலாட்டையும் சொல்கிறார். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி புறப்பாடு கிழக்கு நோக்கிக் கடலுக்குத்தான். சுவாமி கிழக்கே போகும் வழியில்தான், மீன் கூடையைத் தலையில் வைத்துக் கொண்டு குப்பத்துப் பெண்கள் மேற்கே ஊருக்குள் வந்தார்கள். கோயிலையும் குப்பத்தையும் இணைத்த வழி கிழக்கு மேற்கானது. அதில் செல்பவர் யாரும் குப்பத்தைத் தாண்டிப் போவதில்லை, குப்பத்துக்கே போகிறார்கள்.

நகரம் வளர்ந்தபோது ஏற்பட்ட வழிகளோ வடக்கு தெற்கானவை. காமராசர் சாலை, சாந்தோம் நெடுஞ்சாலை, லூப் சாலை ஆகிய மூன்றும் கடலுக்கு இணையாக ஓடுகின்றன. அவற்றில் செல்பவர் அடையாற்றுக்கோ பாரிமுனைக்கோ போகிறார். அவருக்குக் குப்பம் ஊரன்று. இடையில் வரும் ஓர் இடைஞ்சல். வண்டியின் கண்ணாடிக்கு வெளியே சில படகுகள், சில வலைகள், மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாடை; அவ்வளவே.

இந்த இரு வழிகளும் குறுக்கிடும் இடத்தில்தான் கடந்த நாற்பது ஆண்டுப் பூசல் அத்தனையும் நிகழ்ந்திருக்கிறது. 1985இல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன்பின், கடலோரத்தில் வாழ்வது ஆபத்து என்ற அறிவுரை மீனவருக்கு அடிக்கடி கிடைத்தது. அதே கடலோரத்தில் சாலையும் கட்டடமும் எழுப்புவோருக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

2023 ஏப்ரலில், லூப் சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து தடைப்படுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. கடைகள் அகற்றப்பட்டன. மீனவர்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தனர். இரு தரப்பும் கேட்ட கேள்வி ஒன்றே: ஆக்கிரமித்தவர் யார்? சாலையில் கடை வைத்தவர் ஆக்கிரமித்தார் என்றது ஒரு தரப்பு. வலை உலர்த்திய மணலின் மேல் சாலை வந்தது, சாலையின் மேல் குப்பம் வரவில்லை என்றது மறு தரப்பு. பின்னர், மாநகராட்சி கட்டி வந்த அங்காடி முடியும் வரை ஒழுங்குக்குட்பட்டு விற்க இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்டில், ஏறத்தாழ 15 கோடி ரூபாய்ச் செலவில் 366 கடைகளுடன் அந்த அங்காடி திறக்கப்பட்டது.

அங்காடியில் கூரை உண்டு, தண்ணீர் உண்டு, கழிவு நீர் செல்ல வழி உண்டு. கொளுத்தும் வெயிலில் நடைபாதையில் அமர்ந்து விற்ற பெண்களுக்கு இவை சிறு நன்மைகள் அல்ல. அவசர ஊர்தி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதும் நியாயமே. ஆயினும் ஒரு சிக்கல் இருக்கிறது. குப்பத்து மீன் வாணிகத்தின் சிறப்பே, படகு மணலில் ஏறிய இடத்திலேயே மீன் விலையாவதுதான். கணவன் பிடித்து வந்ததை மனைவி விற்கிறாள். இடையில் தரகர் இல்லை. பனிக்கட்டியில் நாட்கணக்கில் கிடப்பதில்லை. கரையிலிருந்து விற்பனையைப் பிரித்தால் கரையில் படகு எதற்கு என்ற கேள்வி நாளை எழும். படகு போனால் குடியிருப்பு எதற்கு என்ற கேள்வி மறுநாள் எழும். குப்பத்து மக்களின் அச்சம் கூரையைப் பற்றியதன்று. இந்த வரிசையைப் பற்றியது.

இங்கே ஊரின் பெயரைச் சற்று நினைப்பது பொருந்தும். அகத்திணையில் இந்நிலம் நெய்தல். ஆனால் ஊரின் பெயரில் இருப்பது நொச்சி. புறத்தில் நொச்சி என்றால் என்ன என்பது இவ்வவையினர் அறிந்ததே. தொல்காப்பியம் உழிஞைக்குள்ளேயே மதில் வளைப்பதையும் காப்பதையும் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை மதில் காப்பதை நொச்சி என்று தனித் திணையாக்கியது. வேர் எந்தச் செடியில் இருந்தாலும், நொச்சி சூடிய பெயருள்ள ஒரு குப்பம் மதிலே இல்லாத தன் மணலைக் காத்து நிற்கிறது. கவிஞன் தேடிப் போக வேண்டிய உவமையன்று இது, முகவரியிலேயே எழுதியிருக்கிறது.

மற்றொரு பெயரும் உண்டு. இக்கரை முழுதும் வாழும் மீனவர் பட்டினவர் எனப்படுவர். மதராசப்பட்டினம், சென்னப்பட்டினம் என்று இந்நகர் பெயர் பெற்றது. பட்டினம் என்பது கடற்கரை ஊர், பட்டினவர் அவ்வூரார். நகரின் பழம்பெயரைத் தம் பெயரில் தாங்கியவர்களை நகரம் ஆக்கிரமிப்பாளர் என்று அழைப்பது, சொற்களோடு பழகுபவர்களுக்காவது உறுத்த வேண்டும்.

பழம்புலவர்க்கு உறுத்தியிருக்கும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுத் தலைவியைத் தனியே மணலில் நிறுத்துவது பிற்கால வழக்கம். சங்கப் பாடல்களின் நெய்தலில் மீன் உலர்கிறது, பறவை ஓட்டப்படுகிறது, வலை காய்கிறது, உப்பு வண்டி நகர்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு விழாக் கொண்டாடுகிறார்கள். கருப்பொருள் நிறைந்திருந்ததால்தான் உரிப்பொருளுக்கு அங்கே கனம் கிடைத்தது. கருப்பொருளை விட்டுவிட்ட கடற்கரைக் கவிதையில் மிஞ்சுவது அலையும் நிலவும் மட்டுமே. அவை எந்த நாட்டுக் கடற்கரையிலும் கிடைக்கும்.

நெய்தலின் சிறுபொழுதாகிய எற்பாடு என்பது கதிர் மறையும் வேளையா, தோன்றும் வேளையா என்று அறிஞர் வழக்காடுவர். கவிஞர்கள் இதுவரை மாலையில்தான் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். காலையில் ஒரு முறை வரலாம். மேற்கிலிருந்து நடந்து வர வேண்டும். வண்டியில் வடக்கிலிருந்து அன்று. கதிர் கடலிலிருந்து எழும்போது படகுகள் கரையேறும். வலையை உதறும்போது நெத்திலி வெள்ளியாகச் சிந்தும். சங்கரா, காரப்பொடி, கிழங்கான், வவ்வால், கானாங்கெளுத்தி, கடம்பா என்று பெண்கள் கூறு கட்டி விலை சொல்வார்கள். பெரிய விசைப்படகுகளுக்குத் தடையுள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில் இக்கூறுகளுக்கு மதிப்பு மிகுதி. வலை விரித்த மணலில் மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். அது வெற்று மணலன்று, ஒருவரது தொழிற்கூடம். காற்றுக்குக் கொண்டல் என்றும் வாடை என்றும் பெயர் சொல்லக் கேட்கலாம். அகராதியில் உறங்குவதாகக் கருதப்பட்ட சொற்கள் அங்கே நாள்தோறும் கடலுக்குப் போய் வருகின்றன.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் திங்கள்தோறும் அரங்குகளில் கூடிக் கவிதை படித்திருக்கிறது. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை ஒரு விடியற்காலையில் நொச்சிக்குப்பத்து மணலில் கூட்டலாம். அன்று கவிதை படிக்க வேண்டியதில்லை; கேட்டால் போதும். அழைப்பிதழில் இடத்தைக் குறிக்கும்போது, கலங்கரை விளக்கம் அருகில் என்று மட்டும் போட வேண்டாம். கோயிலிலிருந்து கிழக்கே நடந்து வருக என்று வழியையும் சேர்த்துப் போட வேண்டும்.